பிஎல்ஏ ஸ்பூன் சூட்டில் வளைவது ஏன்? டால்க் மட்டும் போட்டால் போதாதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். கோவைப் பக்கம் சிறிய இன்ஜெக்ஷன் மோல்டிங் யூனிட், அதாவது உருகிய பிளாஸ்டிக்கை மோல்டு என்ற அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் தொழில். முன்பு பிபியில் (பாலிப்ரோப்பிலீன்) ஸ்பூன், ஃபோர்க் போட்டுக்கொண்டிருந்தீர்கள். 2022 ஜூலையில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றுக்கு மத்திய அரசின் தடை வந்த பிறகு, மக்கும் வகைப் பிளாஸ்டிக்கான பிஎல்ஏவுக்கு (பாலிலாக்டிக் அமிலம்) மாறினீர்கள். ஸ்பூன் பார்க்க நன்றாக இருக்கிறது. சூடான சாம்பாரில் வைத்தால் வளைகிறது. டால்க் என்ற கனிமப் பொடியைக் கலந்தீர்கள். வெள்ளையானதே தவிர, வளைவது நிற்கவில்லை. மோல்டு சூட்டைக் கூட்டினால் பீஸ் ஒட்டிக்கொள்கிறது. படிகத்தன்மையைக் கூட்டச் சொல்கிறார்களே, எப்படிக் கூட்டுவது, கூட்டினால் மக்குவது கெட்டுவிடாதா, பேசாமல் பாக்டீரியா செய்யும் இன்னொரு மக்கும் பிளாஸ்டிக்கான பிஹெச்ஏவுக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

டால்க் மேல் தப்பில்லை. அதனால் ஆகக்கூடியதை அது செய்யத் தயாராகத்தான் இருந்தது. அதற்கு வேண்டிய வெப்பமும் நேரமும் உங்கள் மோல்டில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பிபி போட்டுப் பழகிய கைக்கு இது முதலில் பிடிபடாது. பிபி குளிர்ந்த மோல்டில் விழுந்த சில வினாடிகளில் தானாகவே படிகமாகிவிடும். யாரும் அதைக் கவனிக்கவே வேண்டியதில்லை. பிஎல்ஏ அப்படி அல்ல. அதை அவசரமாகக் குளிர்வித்தால் படிகமே இல்லாமல் உறைந்து நின்றுவிடும்.

பிஎல்ஏவின் நீண்ட மூலக்கூறு சங்கிலிகள் இரண்டு விதமாக உறையலாம். கண்டபடி பின்னிக் கிடக்கும்போது அப்படியே உறைந்தால் அது கண்ணாடி நிலை. ஒளி ஊடுருவும், பளபளப்பாக இருக்கும், ஆனால் 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். சங்கிலிகள் ஒழுங்காக மடிந்து அடுக்கிக்கொண்டால் அந்தப் பகுதிகள் படிகம். அவை 170 டிகிரியை ஒட்டித்தான் உருகும். பரிமாறும் சாம்பார் எளிதாக 75, 80 டிகிரி இருக்கும். படிகமே இல்லாத ஸ்பூனுக்கு 60தான் எல்லை என்பதால் அது வளைவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதே ஸ்பூனில் 35, 40 சதவீதம் படிகம் இருந்தால், மிச்சப் பகுதி 60இல் இளகினாலும் படிகங்கள் முடிச்சு முடிச்சாக நின்று உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். பளு ஏற்றிப் பார்க்கும் சோதனையில், படிகமில்லாத பிஎல்ஏ 55 டிகிரிவாக்கில் வளையும். நன்றாகப் படிகமான, நிரப்பி (டால்க் போன்ற பொடி) சேர்த்த பிஎல்ஏ குறைந்த பளுவில் 100 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். ரெசின், அதாவது மூலப் பிளாஸ்டிக், ஒன்றுதான். உள்ளே அடுக்கு மாறியதால் வந்த வித்தியாசம் இது.

சரி, ஏன் தானாகப் படிகமாவதில்லை? இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். முதலில் எங்கோ ஓரிடத்தில் கரு உண்டாக வேண்டும். பிறகு அதைச் சுற்றிப் படிகம் வளர வேண்டும். கரு உண்டாவதற்குக் குளிர் நல்லது. வளர்வதற்குச் சங்கிலிகள் அசைய வேண்டும், அதற்குச் சூடு வேண்டும். 60க்குக் கீழே அசைவே இல்லை. 150க்கு மேலே கரு உண்டாவது அரிது. நடுவில் 100 முதல் 115 வரை உள்ள இடைவெளியில்தான் இரண்டும் ஓரளவு கைகோக்கின்றன. பிஎல்ஏவின் மொத்தச் சங்கடமும் அந்தச் சின்ன ஜன்னலுக்குள் அடங்கிவிடும். பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகில் நூல் கட்டித் தொங்கவிடுவார்களே, அதுதான் டால்க் போன்ற கருவாக்கியின் வேலை. நூலில் படிகம் தொற்றும், ஆனால் பாகு ஆறும் வேகம் சரியாக இருந்தால்தான் தொற்றும். நூல் மட்டும் போட்டு, பாகைச் சட்டென்று உறையவைத்தால் நூல் சுற்றிய மிட்டாய்தான் கிடைக்கும்.

இப்போது உங்கள் மெஷினுக்கு வருவோம். ஸ்பூனின் தடிமன் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25, 30 டிகிரி தண்ணீர் ஓடும் மோல்டில் அதன் மையப்பகுதிகூட 10 வினாடிக்குள் அந்த ஜன்னலைக் கடந்து கீழே போய்விடும். தோல் பகுதி இன்னும் வேகம். மறுபக்கம், பிஎல்ஏ பாதியளவு படிகமாக எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பாருங்கள். ஹாரிஸ், லீ இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 115 டிகிரியில் நிறுத்திவைத்த வெறும் பிஎல்ஏவுக்கு 38 நிமிடம் ஆனது. 2 சதவீதம் டால்க் சேர்த்ததும் அது ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்தது. அறுபது மடங்குக்கு மேல் வேகம், பிரமாதம்தான். ஆனாலும் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டும், அதுவும் 115 டிகிரியிலேயே நிற்க வேண்டும். உங்கள் மோல்டு கொடுப்பதோ ஓடிக்கொண்டிருக்கும் சில வினாடிகள். கரு தயாராக நின்றது, வளர நேரமில்லை. ஸ்பூன் வெள்ளையானது டால்க்கின் நிறத்தால், படிகத்தால் அல்ல.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. தேவைப்படும் நேரத்தைக் குறைப்பது, கொடுக்கும் நேரத்தைக் கூட்டுவது. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் கணக்கு நேராகும்.

தேவைப்படும் நேரத்தைக் குறைக்க, டால்க்கைத் தொடுவதற்கு முன் ரெசின் மூட்டையைப் பாருங்கள். லாக்டிக் அமிலத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு, இடக்கை வலக்கை மாதிரி: எல், டி. வணிக பிஎல்ஏ பெரும்பாலும் எல். நடுநடுவே டி அலகுகள் கலந்திருக்கும். டி வந்த இடத்தில் சங்கிலி நெளிகிறது, அடுக்கில் உட்காராது. டி கூடக் கூட, பாதிப் படிகமாகும் நேரம் வேகமாக நீளும். 4 சதவீதம் டி இருந்தால் பல மடங்கு நேரம். 10 சதவீதத்தைத் தாண்டினால் நடைமுறையில் படிகமே ஆகாது. எவ்வளவு டால்க் கொட்டினாலும் வீண். ஃபிலிமுக்கும் பிளிஸ்டர் ட்ரேக்கும் போகும் கிரேடுகளில் டி சுமார் 4 சதவீதம் இருக்கும், அங்கே தெளிவுதான் முக்கியம் என்பதால். நேச்சர்வொர்க்ஸின் 3100எச்பி, டோட்டல் எனர்ஜிஸ் கார்பியனின் எல்130 போன்றவை சூடு தாங்கும் பொருளுக்கென்றே டியைக் குறைத்துச் செய்தவை. உங்களிடம் இருப்பது எந்த கிரேடு என்று நீங்கள் சொல்லவில்லை. விலை மலிவாகக் கிடைத்த ஃபிலிம் கிரேடாக இருந்தால், மற்ற யோசனைகளை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். டி அளவு டேட்டா ஷீட்டில் இல்லாவிட்டாலும் உருகுநிலை இருக்கும். 170ஐ ஒட்டியோ மேலேயோ இருந்தால் நல்ல ஆசாமி. 150வாக்கில் இருந்தால் விட்டுவிடுங்கள். உத்தரப் பிரதேசத்தின் கும்பியில் பலராம்பூர் சீனி ஆலைக் குழுமம் கரும்பிலிருந்து பிஎல்ஏ எடுக்கும் ஆலையை அறிவித்திருக்கிறது. உள்நாட்டு ரெசின் கைக்கு வரும்போதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

அடுத்தது கருவாக்கி. டால்க் மலிவு, நன்றாக வேலை செய்கிறது, அதன் தகட்டுப் பரப்பில் பிஎல்ஏ படிகம் சுலபமாக உட்காருகிறது. சந்தையில் விற்கும் சூடு தாங்கும் வெள்ளை பிஎல்ஏ ஸ்பூன்கள் பலவற்றில் டால்க்கோ சுண்ணாம்புப் பொடியோ கணிசமாக இருக்கும். கருவாக்க மட்டும் என்றால் 1, 2 சதவீதம் போதும். 20, 30 சதவீதம் போடுவது விறைப்புக்கும் விலைக்கும். எத்திலீன் பிஸ்-ஸ்டியரமைடு, ஓரோட்டிக் அமிலம், துத்தநாக ஃபீனைல்பாஸ்போனேட் என்று வேறு கருவாக்கிகளும் உண்டு. கடைசி இரண்டும் மிகக் குறைந்த அளவிலேயே வேகமாக வேலை செய்பவை, விலை அதிகம். ஸ்பூனுக்கு டால்க்கே போதும் என்பது என் கருத்து. ஆனால் மைக்ரான் அளவில் நுண்ணியதாக, நன்றாகக் கலந்ததாக இருக்க வேண்டும். ஹாப்பரில் (ரெசின் கொட்டும் புனல்) பொடியாகத் தூவி ஒற்றை ஸ்க்ரூ மெஷினில் ஓட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். நூறு இடத்தில் கரு உண்டாக வேண்டியது பத்து இடத்தில்தான் உண்டாகும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. டால்க்கோடு ஈரமும் உள்ளே போகும். பிஎல்ஏ எஸ்டர் பிணைப்பால் ஆனது. 200 டிகிரியில் ஈரம் பட்டால் சங்கிலி துண்டு துண்டாகும். ரெசினில் ஈரம் 250 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 250 பங்கு) கீழே இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், துண்டான குட்டைச் சங்கிலிகள் இன்னும் வேகமாகப் படிகமாகும். ஆகவே லேபில் படிகத்தன்மை ஏறியிருப்பதைப் பார்த்து டால்க் வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவீர்கள். ஸ்பூனோ கையில் பட்டென்று ஒடியும். கலப்பதற்கு முன்னும் பின்னும் எம்எஃப்ஐ (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்ற எண்) எடுத்துப் பாருங்கள். எண் வெகுவாக ஏறியிருந்தால் நீங்கள் படிகத்தை வளர்க்கவில்லை, ரெசினை உடைத்திருக்கிறீர்கள்.

டால்க்கை விடச் சாமர்த்தியமான ஒரு வழி இருக்கிறது. எல் சங்கிலிகளோடு டி சங்கிலிகளால் மட்டுமே ஆன பிஎல்ஏவைக் கலந்தால், இரண்டும் பக்கம் பக்கமாகப் பொருந்தித் தனி வகைப் படிகம் ஆகின்றன. அதன் உருகுநிலை 220, 230 டிகிரி. தனித்தனியே இருக்கும்போது இருப்பதை விடச் சுமார் 50 டிகிரி அதிகம். ஜப்பானில் இக்காடா, ட்சுஜி குழுவினர் 1987இல் இதை வெளியிட்டார்கள். ஒரு சதவீதத்திலிருந்து 5 சதவீதம் வரை டி-பிஎல்ஏ சேர்த்தால், 190, 200 டிகிரியில் மற்றதெல்லாம் உருகிய பிறகும் இந்தப் படிகங்கள் உருகாமல் நின்று, குளிரும்போது கருவாகின்றன. பிஎல்ஏவுக்குக் கருவாக்கி பிஎல்ஏவே. மக்குவதிலும் சிக்கல் இல்லை. ஆனால் மெஷினின் உருக்கும் குழாயான பேரலில் எங்கேயாவது 230ஐத் தாண்டவிட்டால் கருவும் உருகிப்போகும், கொடுத்த காசு போச்சு. அளவு கூடினாலோ உருகிய பிஎல்ஏ கெட்டியாகி மோல்டை நிரப்பாது. பொறுமையும் பணமும் இருப்பவர்களுக்கான வழி.

சங்கிலி அசைவைக் கூட்டும் பிளாஸ்டிசைசர்களைப் பற்றியும் சொல்வார்கள்: பாலிஎத்திலீன் கிளைக்கால், சிட்ரேட் எஸ்டர்கள். 5, 10 சதவீதம் சேர்த்தால் இளகும் வெப்பநிலை இறங்கி, படிகமாகும் ஜன்னல் கீழ்ப்பக்கம் அகலமாகும். டால்க்கோடு சேரும்போது பலன் இன்னும் அதிகம். ஃபிலிமுக்கு நல்லது. உணவு ஸ்பூனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். படிகம் வளர வளர பிளாஸ்டிசைசர் மிச்சமிருக்கும் பகுதிக்குத் தள்ளப்பட்டு, நாளாக ஆக மேற்பரப்புக்குக் கசியும்.

இனி நேரத்தைக் கூட்டும் பக்கம். மோல்டு சூட்டைக் கூட்டினால் ஒட்டுகிறது என்றீர்கள். எத்தனை டிகிரிக்குக் கூட்டினீர்கள்? தண்ணீர் ஹீட்டரில் 60, 70, மிஞ்சினால் 80 வரை போயிருப்பீர்கள். அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். 45க்குக் கீழே இருந்தால் பீஸ் கண்ணாடியாக உறைந்து விறைப்பாக வெளியே வரும். 95க்கு மேலே, கருவாக்கியோடு இருந்தால் மோல்டுக்குள்ளேயே படிகமாகி, சூடாக இருக்கும்போதே விறைத்து வெளியே வரும். நடுவில் இருந்தால் கண்ணாடியும் இல்லை, படிகமும் இல்லை. ரப்பர் மாதிரி கொழகொழவென்று இருக்கும், பீஸை வெளியே தள்ளும் எஜெக்டர் பின் குத்தினால் குழி விழும். ஒட்டத்தான் செய்யும். பயந்துபோய் சூட்டைக் குறைப்பார்கள். குறைக்கக் கூடாது, இன்னும் ஏற்ற வேண்டும். 100, 105இல் வைத்து, 30 வினாடியிலிருந்து ஆரம்பித்து, பீஸ் விறைப்பாக விடும் வரை நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். இதற்கு எண்ணெய் சுற்றும் டெம்பரேச்சர் கண்ட்ரோலர் அல்லது அழுத்த நீர் யூனிட் வேண்டும், மோல்டுக்கும் அதைத் தாங்கும் பிளேட்டனுக்கும் நடுவில் வெப்பம் கடத்தாத தகடு வேண்டும். படிகம் அடர்த்தியானது, அதனால் சுருக்கமும் அதிகம். ஸ்பூனுக்குப் பரவாயில்லை, டப்பாவுக்கு மூடி போடுகிறவராக இருந்தால் அளவு மாறிவிடும்.

சைக்கிள் டைம் இப்படி நீண்டால் கட்டுப்படியாகாது என்பீர்கள். நியாயம்தான். ஸ்பூன் தொழிலில் பலர் போகும் வழி வேறு: குளிர்ந்த மோல்டில் வேகமாக அடித்துவிட்டு, பிறகு அவனில் (சூட்டடுப்பில்) ஆனீலிங், அதாவது மறுபடி சூடேற்றிப் படிகமாக்குவது. 90, 110 டிகிரிக்குள் சில நிமிடம், கன்வேயரில் ஓடும். கண்ணாடி நிலையிலிருந்து சூடேற்றிப் படிகமாக்குவதில் ஒரு லாபம் உண்டு. கருக்கள் ஏராளமாக உண்டாகும், படிகங்கள் பொடிப்பொடியாக இருக்கும். உருகிய நிலையிலிருந்து மெதுவாகக் குளிர்வித்தால் கருக்கள் குறைவு, ஒவ்வொன்றும் பெரிதாக வளரும். பெரிய படிகக் கோளங்களின் எல்லையில்தான் விரிசல் முதலில் ஓடும்.

ஆனீலிங்கில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம், அவனுக்குள் நுழைந்த முதல் நிமிடம். 60ஐத் தாண்டியதும் ஸ்பூன் இளகும். படிகம் இன்னும் வளர்ந்திருக்காது. அந்த இடைவெளியில் மோல்டில் அடக்கிவைத்த உள் இறுக்கம் எல்லாம் விடுபட்டு, கைப்பிடி முறுக்கிக்கொள்ளும். குவியலாகக் கொட்டி அவனில் வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திய கோலத்திலேயே படிகமாகி நிற்கும். அப்புறம் நிமிர்த்தவே முடியாது. ஜிக் என்ற பிடிசட்டத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, உருவம் மாறாமல் பிடித்துக்கொண்டு அனுப்ப வேண்டும். இன்ஜெக்ஷனில் ஹோல்டிங் பிரஷரை அளவுக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் முறுக்கலும் குறையும்.

இதற்கும் மெனக்கெட வேண்டுமா என்று தோன்றினால், ஆரம்பச் சோதனைக்கு ஒரு செலவும் இல்லை. இப்போதுள்ள ஸ்பூன்களில் சிலவற்றைச் சின்ன லேப் அவனில் 100 டிகிரியில் வெவ்வேறு நேரம் வைத்து எடுங்கள். ஆறிய பிறகு ஒவ்வொன்றையும் 85 டிகிரி தண்ணீரில் முக்கி, நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். எந்த நேரத்துக்குப் பிறகு வளைவது நிற்கிறதோ அதுதான் உங்கள் கலவைக்கு வேண்டிய நேரம். ஒரு மணி நேரம் வைத்த பிறகும் வளைந்தால் பிரச்சினை ரெசினில். டி அளவு கூடுதல், வேறு கிரேடு வாங்குங்கள்.

எண்ணாகத் தெரிய வேண்டுமானால் டிஎஸ்சி (சூடேற்றும்போது பொருள் எவ்வளவு வெப்பத்தை வாங்குகிறது, விடுகிறது என்று அளக்கும் சோதனை) எடுக்க வேண்டும். மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் போன்ற இடங்களில் செய்து தருவார்கள். ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தப்பாகப் படிப்பவர்களே அதிகம். பல லேப்கள் இரண்டாவது சூடேற்றத்தின் எண்ணைக் கொடுப்பார்கள். அது ரெசினின் குணம்; உங்கள் ஸ்பூன் எப்படி உறைந்தது என்ற கதை முதல் சூடேற்றத்தோடு அழிந்துபோகும். முதல் சூடேற்றத்தைக் கேட்டு வாங்குங்கள். வளைவு 60வாக்கில் ஒரு படி இறங்கும், 100ஐ ஒட்டி ஒரு மேடு வரும், பிறகு 170வாக்கில் பெரிய பள்ளம் வரும். அந்த மேடு, சோதனை நடக்கும்போதே புதிதாக உண்டான படிகம். பள்ளம், எல்லாப் படிகமும் உருகியது. ஆகவே பள்ளத்திலிருந்து மேட்டைக் கழிக்க வேண்டும். உதாரணத்துக்கு, 20 சதவீதம் டால்க் உள்ள ஸ்பூனில் உருகல் கிராமுக்கு 30 ஜூல், மேடு 24 ஜூல் என்றால், ஸ்பூனில் நிஜமாக இருந்த படிகம் 6 ஜூலுக்குரியது. முழுப் படிகத்துக்கு 93 ஜூல் என்று வைத்து, 80 சதவீதம்தான் பிஎல்ஏ என்பதால் 74.4ஆல் வகுத்தால் 8 சதவீதம். அதே ஸ்பூனை ஆனீல் செய்த பிறகு மேடு காணாமல்போய், உருகல் 31 ஜூல் என்றால் 42 சதவீதம். கழிக்காமல் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய 40 என்று தெரியும், இரண்டுமே நன்றாக இருக்கிறது என்று தோன்றும். டால்க் சப்ளையர்கள் காட்டும் அழகான எண்களில் சில இந்த ரகம்.

உருகுவதற்குச் சற்று முன்னால் ஒரு குட்டி மேடு தெரிந்தால் பயப்படாதீர்கள். 100 டிகிரிக்குக் கீழே உண்டாகும் படிகம் அவ்வளவு ஒழுங்காக அடுக்கியிராது. சூடேற்றும்போது அது ஒழுங்கான வகைக்கு மாறுகிறது. 120 டிகிரிக்கு மேல் உண்டாவது நேரடியாக ஒழுங்கான வகை. அதற்கு விறைப்பு சற்று அதிகம், நீராவியையும் நன்றாகத் தடுக்கும். பேக்கேஜிங் ஃபிலிம்காரர்கள் இதற்காக மெனக்கெடுவார்கள், நீங்கள் மெனக்கெட வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படிகம் சூட்டைத் தாங்க வைக்கும். ஒடியாமல் இருக்க வைக்காது. பிஎல்ஏ இயல்பிலேயே நொறுங்கும் ரகம், சில சதவீதம் நீண்டதும் முறியும். படிகத்தைப் பொடியாக வைத்தால் இன்னும் மோசமாகாமல் காக்கலாம், அவ்வளவே. ஒடிவதுதான் புகார் என்றால் பிபிஎஸ், பிபிஏடி போன்ற இளக்கமான மக்கும் பாலிமரைக் கொஞ்சம் கலக்க வேண்டும். அது வேறு கதை.

பிஹெச்ஏவுக்கு மாறலாமா என்றால், அவசரப்படாதீர்கள். அங்கே தொல்லை தலைகீழாக இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் மூத்தது பிஹெச்பி. பாக்டீரியா தன் உடம்புக்குள் கொழுப்பு மாதிரி சேர்த்துவைக்கும் பாலிமர். பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தில் மோரிஸ் லெமுவான் 1920களில் கண்டுபிடித்தது. உயிரி செய்வதால் எல்லா அலகும் ஒரே கைவாட்டம், டி எல் கலப்பு என்ற பேச்சே இல்லை. அதனால் 60 சதவீதத்துக்கு மேல் படிகமாகத் தயார். ஆனால் அது அவ்வளவு சுத்தமாக இருப்பதால் கருவுக்குத் தூசிகூடக் கிடைக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரு உண்டாகி, ஒவ்வொன்றும் நுண்ணோக்கியே தேவைப்படாத அளவுக்கு வளர்ந்து, குளிரும்போது தனக்குள்ளேயே விரிசல் விடும். போரான் நைட்ரைடு போன்ற கருவாக்கி போட்டுக் கோளங்களைச் சின்னதாக்குவார்கள். அதோடு தீராது. பிஹெச்பி இளகும் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருப்பதால், கிடங்கில் சும்மா கிடக்கும்போதும் படிகம் வளர்ந்துகொண்டே இருக்கும். மோல்டிலிருந்து வந்த அன்று வளைந்து கொடுத்த பீஸ் வாரங்கள் போனதும் ஒடியும். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் டி கோனிங்கும் லெம்ஸ்ட்ராவும் 1990களின் தொடக்கத்தில் காட்டிய வைத்தியம் இங்கேயும் ஆனீலிங்தான். 100 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் படிகத் தகடுகள் தடித்து, நடுவில் நெருக்குண்ட பகுதிகள் விடுபட்டு, பழைய இளக்கம் பெருமளவு திரும்பும்.

இப்போது விற்கும் பிஹெச்ஏக்களில் வேறு அலகுகளைக் கலந்து இதைச் சமாளிக்கிறார்கள். வேலரேட் கலந்தது பிஹெச்பிவி. பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் பயோபோல் என்று விற்றது, 1990இல் ஜெர்மனியில் வெல்லா ஷாம்பு பாட்டிலாக வந்தது. ஆனால் வேலரேட் அலகு பிஹெச்பியின் படிகத்துக்குள்ளேயே நுழைந்து உட்கார்ந்துகொள்வதால் படிகத்தன்மை பெரிதாகக் குறைவதில்லை. ஹெக்சனோயேட்டுக்குப் பக்கக்கிளை நீளம், உள்ளே நுழைய முடியாது, அதனால் சில சதவீதம் போட்டாலே இளக்கம் வந்துவிடும். பதிலுக்குப் படிகமாவது மெதுவாகும், ரன்னர் (மோல்டுக்குள் பிளாஸ்டிக் ஓடும் வழியில் உறையும் தண்டு) ஒட்டும், மீண்டும் கருவாக்கியைத் தேட வேண்டும். மண்ணிலும் கடலிலும் பிஎல்ஏவை விட நன்றாக மக்குகிறது என்பது உண்மையான நன்மை. ஆனால் 180, 190 டிகிரியிலேயே சங்கிலி உடையத் தொடங்கும், பிஹெச்பியின் உருகுநிலை அதற்குப் பக்கத்திலேயே, விலையும் பிஎல்ஏவை விட அதிகம். பிஎல்ஏவே இன்னும் கைக்குப் பழகாத யூனிட்டுக்கு இது இப்போது வேண்டாம் என்பேன்.

கடைசியாக, மக்குவது கெடுமா என்ற கேள்வி. மெதுவாகும், ஆம். தண்ணீர் முதலில் படிகமில்லாத பகுதிக்குள்தான் புகும். அங்கே சங்கிலிகள் அறுபட்ட பிறகுதான் படிகத்தின் முறை. ஆனால் பிஎல்ஏ மக்குவது தொழில்முறை உரக்கூடத்தின் 58 டிகிரிவாக்கில்தான். அது இளகும் வெப்பநிலையை ஒட்டி இருப்பதாலேயே நீர் வேலை செய்கிறது, துண்டான பிறகு நுண்ணுயிர்கள் சாப்பிடுகின்றன. வீட்டுத் தோட்டத்தில் புதைத்தால் படிகமான ஸ்பூனும் படிகமில்லாத ஸ்பூனும் இரண்டுமே நெடுங்காலம் அப்படியே கிடக்கும். ஆகவே உங்களுக்கு வேண்டியது தரச்சோதனையில் தேறுவது: 12 வாரத்தில் சிதைந்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது, 180 நாளுக்குள் கரிமம் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக வேண்டும். 40 சதவீதம் படிகமுள்ள மெல்லிய ஸ்பூன்கள் இதில் தேறுகின்றன. சான்று கொடுப்பது சோதித்த தடிமன் வரைக்கும்தான், அதனால் ஆனீல் செய்த, உள்ளதிலேயே தடிமனான பீஸையே சோதனைக்கு அனுப்புங்கள். மோல்டிலிருந்து வந்த கண்ணாடி ஸ்பூனுக்கு வாங்கிய சான்றை வைத்துக்கொண்டு ஆனீல் செய்த ஸ்பூனை விற்பது சரியல்ல.

ஆனீலிங்கால் மக்காமல் போவதை விட, மாஸ்டர்பேட்ச்சால் (பொடியை முன்கூட்டியே பிளாஸ்டிக்கில் அடர்த்தியாகக் கலந்த மணிகள்) மக்காமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். உள்ளூரில் கிடைக்கும் டால்க் மாஸ்டர்பேட்ச் பெரும்பாலும் பிபிக்காகச் செய்தது. அதில் பொடியைத் தாங்கும் பிளாஸ்டிக்கான கேரியர் பாலிஎத்திலீனோ பிபியோதான். அதைப் போட்டால் ஸ்பூனுக்குள் மக்காத பிளாஸ்டிக்கை நீங்களே கலந்ததாக ஆகும். கேரியர் பிஎல்ஏதான் என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். கருவாக்கியோ நிறமோ, தனித்தனியே 1 சதவீதத்துக்குக் கீழே, எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஐரோப்பிய விதிமுறையில் தனியாக மக்கும் சோதனை கேட்பதில்லை. அதற்கு மேல் போகும் கரிமப் பொருள் ஒவ்வொன்றும் மக்கும் என்று தனியே நிரூபிக்க வேண்டும். டால்க் கனிமம், அந்தக் கணக்கில் வராது.

ரன்னரையும் ஸ்ப்ரூவையும் அரைத்துத் திரும்பப் போடுகிறீர்களா என்று சொல்லவில்லை. போடுவதாக இருந்தால், ரீகிரைண்டை நேரே ட்ரையரில் கொட்டாதீர்கள். குளிர்ந்த மோல்டில் வந்த ரன்னர் படிகமில்லாதது. 80 டிகிரி காற்றில் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஹாப்பருக்குள் ஒரே பாறையாக நிற்கும். கடப்பாரை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கிளறிக்கொண்டே சூடேற்றிப் படிகமாக்கிய பிறகு உலர்த்துங்கள். ஆனீலிங் அவன் வாங்குவதாக முடிவானால், ரன்னரைத் தனியே தட்டில் பரப்பி அதே அவனில் முதலில் ஓட்டிவிட்டு, வெள்ளையாக வந்த பிறகு அரைக்கலாம். அப்போது ட்ரையரில் ஒட்டாது.